சாதி இல்லை என்று ஒரு சான்று

மேரி விபூதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜெசிந்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு நாளைக்குத்தானேடி. தாலுக்காபீஸ் போயி வந்ததும் கழுவிடு."

"மாட்டேம்மா. பேரு இன்னான்னு கேப்பாங்க. இந்துப் பேரா மாத்திச் சொல்லணுமா?"

"சொன்னா வாய் வெந்துடுமா? நம்ம தெரு தாவீது மவ அப்பிடிச் சொல்லித்தான் எடம் வாங்கிச்சு."

பெண் எட்டாவது தேறியிருந்தாள்; அந்தக் காலத்தில் டீச்சர் பயிற்சிக்கு அது போதும். பயிற்சிப் பள்ளியில் அரிசனப் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் கிடைத்தால் டீச்சர்; கிடைக்காவிட்டால் நாளைக்கே அம்மாவோடு நாற்று நட இறங்க வேண்டியதுதான். போன மாதம் கணவன் ஞானதாஸ் கண்ணை மூடியபின் வீட்டில் சம்பாத்தியம் மேரியுடையது மட்டும். சாதியை உதறத்தான் மாமனார் காலத்தில் குடும்பமே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவமானது. உதறினால் போகிற சனியனா அது? மாதா கோயிலில் நற்கருணை அப்பம்கூட மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கி முடித்த பிறகுதான் இவர்களுக்கு. மேரிக்கு அலுத்துப்போயிற்று. விபூதியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வா."

செங்கல்பட்டு தாலுக்காபீசில் குமாஸ்தா ராஜாராம் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். மற்றவர்கள் தாராளமாக உள்ளே போய்வந்தார்கள். இவர்களை மட்டும், "அங்கியே நில்லு" என்றார்.

"ஜெசிந்தாவா? கிறிஸ்தவங்களுக்கு இந்த எடம் கிடையாதும்மா."

"நாங்களும் சேரிதான் சாமி."

"இருக்கட்டுமே. வேதத்துல சேந்தப்புறம் ஒங்களுக்கு ஏது ஜாதி? சட்டமே அப்பிடித்தான் சொல்லுது. அது இருக்கறவங்களுக்கு ஒதுக்கிக் குடுத்தே நாடு குட்டிச்சுவராப் போச்சு. தெறமைய எவன் பாக்கறான்!"

விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். தந்தார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. விரல் பட்டுவிடாமல் ஜன்னல் வழியே போட்டார். மண்ணில் விழுந்ததை ஜெசிந்தா குனிந்து எடுத்தாள். மேரிக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் நகரவில்லை.

"இன்னும் இன்னாம்மா?"

"இப்ப சொன்னீங்களே, எங்களுக்கு சாதி இல்லன்னு. அத எழுதி முத்திர போட்டுக் குடுங்க சாமி."

"எதுக்கு?"

"எம் புருசன கல்லறத் தோட்டத்துல வுடல. சேரி ஆளுங்களுக்கு மதிலுக்கு அந்தாண்டன்னு கோயில்ல சொல்லிட்டாங்க. இத காட்டி அவர உள்ள கொண்டாந்து பொதைக்கணும்."

ராஜாராம் பேனாவை எடுத்தார், வைத்தார். "அதெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கம் இல்லம்மா. போ, போ."

மேரி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஜன்னலடியிலேயே உட்கார்ந்தாள்.

"எழுதுங்க சாமி. நாங்க இங்கதான் கீறோம்."