அண்ணன் தனியே வந்த வழி

ஐந்தரை மணி பஸ் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் நின்றது. இறங்கியவர்களில் இளவரசன் அண்ணன் இல்லை.

"சொன்னனா இல்லையா?" அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள். "இதோட அந்த வேலை போதும். அவன் ஊட்டோட கெடக்கட்டும்."

அண்ணனுக்கு இருபத்தொரு வயது. ஆட்டிசம் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு கம்மி; பழகியதை மாற்ற மாட்டான். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் போர்வை மடிக்கும் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வீட்டில் இருந்த நான்தான் மூன்று மாதம் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாக அனுப்பினோம். ஐந்து மணிக்குள் வந்தால் வேலை தொடரும், வராவிட்டால் நிறுத்தம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கண்டக்டரைக் கேட்டேன். "நாலேகால் வண்டி பிரேக்டவுன்மா. வரவே இல்ல."

சைக்கிளை எடுத்து டவுனுக்கு மிதித்தேன். வழி முழுக்கப் பார்த்தும் அண்ணன் எதிரே வரவில்லை.

லாட்ஜ் முதலாளி கோதண்டராமன் வாசலுக்கே வந்துவிட்டார். "டாண்ணு நாலு மணிக்குக் கெளம்பிட்டாம்மா. எதுத்தாப்புல ஸ்டாப்புல அரை மணி நேரம் நின்னுக்கினு இருந்தான். அப்புறம் நடந்துட்டான். அவன் மடிச்ச போர்வையப் பிரிக்கவே மனசு வரலன்னு கஸ்டமருங்க சொல்றாங்க. நிறுத்திடாதீங்க."

"எந்தப் பக்கம் போனான் சார்?" மூன்று மாதத்தில் நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"செங்கம் ரோட்டுப் பக்கம்."

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அது சுற்றுவழி. அப்புறம்தான் உறைத்தது. அப்பா இருந்தவரை பௌர்ணமி தவறாமல் அவனைக் கிரிவலம் கூட்டிப்போனார். நடந்தால் மலை வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியே வளர்த்தார். பஸ் எப்படிப் போனாலும் அண்ணனுக்குக் கவலையில்லை. தன் காலால் நடந்தால் வலம்தான். டவுனிலிருந்து நேர்வழியில் திரும்பினால் மலை இடக்கைப் பக்கம் வந்துவிடும். நாங்கள் ஒரு பக்கமாகத் தேட, அவன் மறுபக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான்!

நானும் அப்படியே மிதித்தேன். கிரிவலப் பாதையில் வருண லிங்கம் கோயில்கிட்டே பிடித்துவிட்டேன். சட்டையெல்லாம் வேர்வை. நடை மட்டும் தளரவில்லை.

"அண்ணா, கேரியர்ல ஏறு."

"நடக்கறேன்."

ஏற்றிக்கொண்டால் நான் கூட்டி வந்ததாகிவிடும். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருபதடி பின்னாலேயே வந்தேன்.

அம்மா டவுன் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அண்ணன் அவள் முதுகுப் பக்கமாக வந்து, தாண்டி, வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

"சோறு," என்றான்.

அம்மா ஓடி வந்தாள். "எங்கடா போயிட்டே? யாருடி கூட்டியாந்தது?"

"யாரும் கூட்டியாரல. பஸ்ஸு வரல. அரை மணி நேரம் பாத்துட்டு, மலையச் சுத்திக்கினு அவனே வந்துட்டான்."

"மலையச் சுத்தியா? தனியாவா?"

"ஆமா. ஆனா நீ அஞ்சு மணின்னு சொன்னியே."

"பஸ்ஸே வரலன்னா அதுக்கு அவன் என்னாடி பண்ணுவான்?" என்று என்மேலேயே பாய்ந்தாள். அவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டு, குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொப்புளம். "நாளைக்கு நல்ல செருப்பா போட்டுக்கினு போவச் சொல்லு."

அண்ணன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எட்டு மணி வண்டி," என்றான்.