தாரிகாவின் வயதுகள்

எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எத்தனை வயது என்று ஊர்ப் பதிவு வைத்திருக்கிற விதானையாரிடம் போய்க் கேட்பதைவிட என்னிடம் கேட்டால் அலுவல் வேளைக்கு முடியும். பெருமைக்குச் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்துபோய், வேலியோரம் கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு வேறென்ன வேலை? யார் எந்த மழைக்குப் பிறந்தது, கனடாக்காரி கலியாணத்துக்காகக் குறைத்த வருசம் எத்தனை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரேயொரு பிள்ளையின் வயதுதான் என்னைக் குழப்பியது.

அவள் இருந்தது பக்கத்து வீட்டில், பியாட்றிஸ் ரீச்சரோடு. ரீச்சர் முப்பது வருசம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஜோர்ஜ் மாஸ்டர் பாரிசவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். மகன் ஜொனதன் நோர்வேயில். ஞாயிறு தவறாமல் கைபேசிக்குள் வந்து சுகம் கேட்பான். கைபேசிக்குள் இருந்துகொண்டு ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாதே. அதற்காக இரண்டு வருசத்துக்கு முன் வன்னியிலிருந்து வந்தவள்தான் தாரிகா. தாய் குவைத்தில் யாரோ வீட்டில் வேலை. சித்திக்காரி கொண்டுவந்து விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்த கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

"எங்கடை பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறன், பராசக்தி," என்றார் ரீச்சர்.

மாதிரிதான். ஜொனதன் ஒரு நாளும் விடிய நாலரைக்கு எழும்பி முற்றம் கூட்டி நான் பார்க்கவில்லை.

வந்தபோது பதினாலு வயது என்றார் ரீச்சர். அந்தக் கையின் மெலிவைப் பார்த்தால் பத்துக்கு மேல் சொல்ல மனம் வராது. பிறகு, பதினாறுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் வழக்காம் என்று கோயிலடியில் யாரோ சொன்னார்கள். அடுத்த கிழமையே தாரிகாவுக்குப் பதினாறு. போன வருசம் மருதனார்மடம் சந்தைக்குப் பக்கத்தில் பதாகை ஒன்று கட்டினார்கள். வீட்டு வேலைக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்று மேல் வரி. முறைப்பாடு சொல்ல நாலு இலக்க நம்பர் கீழ் வரி. மரக்கறிப் பை தூக்கிய தாரிகாவோடு திரும்பி வந்த ரீச்சர் அன்றைக்கே அவளைப் பதினெட்டாக்கிவிட்டார். கேக் ஒன்றும் வெட்டவில்லை.

அந்தப் பதினெட்டு வயதுக்காரிக்கு இந்தத் தை மாதம் பால்பல் விழுந்தது.

வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து என் குசினி வாசலில் வந்து நின்றாள். கையைப் பொத்தியிருந்தாள்.

"அன்ரி, உங்கடை குசினிக் கூரைதான் பதிவு, எனக்கு எட்டும். எறியட்டோ?"

"என்னத்தையடி?"

விரித்துக் காட்டினாள். கடைவாய்ப் பல். "அணில் பாக்கேக்கை எறியோணும். அப்பத்தான் வடிவான பல்லுத் தரும்."

"பதினெட்டு வயசிலை பால்பல்லு விழுறதை நான் இப்பதான் பாக்கிறன்."

"எனக்குப் பன்னிரண்டு, அன்ரி." அவள் வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ரீச்சரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

பல் தகரத்தில் பட்டு, உருண்டு, மழைத்தண்ணிப் பீலிக்குள் போய் விழுந்தது.

நான் ரீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லவில்லை. என் மகளுக்குச் சதம் வாங்காமல் ஆங்கிலம் படிப்பித்தவர் ரீச்சர். அதைவிட, ஒழுங்கைக்குள் காட்டிக் கொடுத்தவள் என்று ஒரு பெயர் எடுத்தால் பிறகு யார் என்னோடு கதைப்பார்கள்? ஆகையால் நான் செய்தது, அவ்வப்போது அவளை இரவல் கேட்டதுதான். மாசியில் ஒரு நாள் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிப்பித்தேன். என் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு, அசதியில் கண்ணயர்ந்தேன். என்ரை பிள்ளை மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. ரீச்சர் வீட்டுப் படலையில் அல்ல, என் படலையில். பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயம் பார்க்கிற பிள்ளை, பெயர் நிஷானி. வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் கோப்பைத் திறந்தாள்.

"பராசக்தி அம்மா நீங்கள்தானே? போன மாசம் எங்களுக்குப் போன் எடுத்தனீங்கள்."

"நான் ஒருத்தருக்கும் எடுக்கேல்லைப் பிள்ளை."

அவள் நம்பரை வாசித்தாள். என் நம்பர்தான். பிறகு தாழ்ந்த குரலில் மிச்சத்தையும் வாசித்தாள்.

"முறைப்பாடு செய்தவர் பராசக்தி, அயலவர், வயது ஐம்பத்தெட்டு. 'பக்கத்து வீட்டிலை தாரிகா எண்டொரு பிள்ளை வேலை செய்யுது. பன்னிரண்டு வயசு. அஞ்சாம் வகுப்போடை நிண்டிட்டாள். ரீச்சர் அடிக்கிறேல்லை, கூடாத ஆளில்லை. ஆனா ஐயாவைப் புரட்டிப் புரட்டி அவளுக்கு இடுப்பு நோகுது. அவள் நல்லா எழுதுவாள். பள்ளிக்கூடம் விடோணும்.'"

வெங்காயம் உரித்த நாள். சந்தைப் பதாகையின் கீழ் வரியை வாசித்திருக்கிறாள் கள்ளி. நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, குரலைத் தடிப்பாக்கி, நானாக மாறி நின்று கதைத்திருக்கிறாள். ஊரெல்லாம் அவள் வயதைக் கூட்டியது. அவளும் தன் பங்குக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்திருக்கிறாள், ஒரேயடியாக ஐம்பத்தெட்டுக்கு.

நிஷானி கோப்பை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்கள் எடுக்கேல்லை எண்டா நான் இதை மூட வேண்டியதுதான், அம்மா. உள்ளை போய்க் கேட்டா ரீச்சர் பதினெட்டு எண்டுவா. அந்தப் பிள்ளையும் பயத்திலை ஓம் எண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுக்க மாசக்கணக்காகும். அதுக்கிடையிலை பிள்ளையை வேறை எங்கையாவது மாத்திப்போடுவினம். இப்பிடி மூடினது என்னட்டை இருபத்திமூண்டு கிடக்கு. எல்லாத்திலையும் அயலட்டை ஒண்டும் தெரியாது எண்டுதான் சொன்னது."

"ஒண்டும் தெரியாதோ?"

"ஓம். ஒண்டுமே தெரியாதாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றிருந்தது.

எனக்கு ஐம்பத்தாறு. ஆவணி வந்தால்தான் ஐம்பத்தேழு. யாராவது ஒரு மாதத்தைப் பிழையாகச் சொன்னாலே பொறுக்காதவள் நான். திருத்த வாய் உன்னிக்கொண்டு வந்தது. விழுங்கினேன்.

"ஓம், பிள்ளை. நான்தான் எடுத்தனான். அம்பத்தெட்டு."

நிஷானி எழுதினாள். நான் எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குசினிக் கூரையைக் காட்டினேன். "சான்றிதழ் வரும்வரைக்கும் வேணுமெண்டா அந்தப் பீலிக்குள்ளை பாருங்கோ. பால்பல்லு ஒண்டு கிடக்கும். அணில் எடுக்காட்டி."

வியாழக்கிழமை வாகனத்தில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் சித்தி வீடு, பிறகு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்று நிஷானி சொன்னாள். பார்க்கலாம் என்பதற்கு மேல் அவளும் சத்தியம் பண்ணவில்லை. தாரிகா ஒரு சின்னப் பையோடு என் படலையைத் தாண்டினாள். நிற்கவில்லை. போகிற போக்கில் குரலை மட்டும் தடிப்பாக்கி, "போட்டு வாறன், அன்ரி," என்றாள். அச்சாக என் குரல்.

மத்தியானம் பார்த்தால் வேலிப் பொட்டை அடைத்துப் புதுக் கிடுகு. ரீச்சரே கட்டியிருக்கிறார்.

பின்னேரம் ஆறு மணி. மாஸ்டரைப் புரட்டுகிற நேரம். அந்த நேரத்தில் கேட்கிற தாரிகாவின் "ஐயா, மற்றப் பக்கம்" கேட்கவில்லை. மாஸ்டரின் முனகல்தான் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு றோட்டால் சுற்றி, முன் படலையால் போனேன்.

ரீச்சர் கட்டிலடியில் நின்றார். அழுது முடித்த முகம். "நீர்தானே?"

"ஓம், ரீச்சர்."

"இனி இவரை ஆர் புரட்டுறது? உம்மடை பதாகையோ?"

நான் விரிப்பின் ஒரு தலைப்பைப் பிடித்தேன். அவர் மற்றத் தலைப்பைப் பிடித்தார். இழுத்தோம். அரைவாசி புரண்ட மாஸ்டர் திரும்பவும் சரிந்து வந்தார். எனக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டாம் தரம்தான் புரண்டார். இருவருமே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

"இதையோ அவள் தனியச் செய்தவள்?" என்றேன்.

ரீச்சர் தலையணையைச் சரி பண்ணினார். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. "விடியவும் ஒருக்காப் புரட்டோணும்," என்றார் கடைசியில்.

"முழங்கால் விட்டா வாறன். ஆனா ஜொனதனுக்கு ஒருக்கா எடுங்கோ, ரீச்சர். ஞாயிறு மட்டும் காத்திருக்காமல் இப்பவே எடுங்கோ."

"அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"அவனுக்கு இப்ப நாப்பத்தொண்டு," என்றேன். "வேலைக்கு வைக்கலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."