தாழாத அலை

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. திருப்பதியில் காலையிலேயே அனல் வீசியது. சந்திரகிரிப் பக்கம் மேகம் கூடியும் ஒரு சொட்டு விழவில்லை.

மூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஓய்வில் இருக்கும்போது கூட்டாக ஏறி இறங்கும். அந்த ஒத்திசைவே அலையாகப் பதிவாகும். கையை மூட மனத்தில் எண்ணினாலே போதும், கைக்குரிய பகுதியில் கூட்டு கலைந்து அலை தாழும். திருவேங்கடத்தின் தலையில் மின்வாய்களை ஒட்டிவிட்டு மருத்துவர் யாமினி காத்திருந்தது அந்தத் தாழ்வுக்காகத்தான். தாழ்ந்தால் அவனுக்கு உள்ளே நினைவு உண்டு. தாழாவிட்டால் சுவாசக் குழாயை எடுத்துவிட்டு, நகரிக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குக் கொண்டுபோவதென்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். மருத்துவமனை வாசலில் வண்டி தயாராக நின்றது.

சித்தூர்ப் பக்கத்துத் தோப்பொன்றில் மாங்காய் பறிக்கையில் விழுந்தவன் அவன். முன்கைகள் இரண்டும் முறிந்தன. புத்தூர் எலும்பு வைத்தியர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் நினைவு தப்பியது.

"கையை மூடற மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் யாமினி. தெலுங்கிலும் சொன்னார். பலமுறை சொன்னார். திரையில் அலை சற்றும் தாழாமல் ஓடியது.

"போதும் அண்ணி, அண்ணன் எப்பவோ பூட்டாரு" என்றான் தம்பி ஜெயபிரகாஷ். "கொள்ளி வைக்க உங்க பெரிய புள்ளைய ரேணிகுண்டாலருந்து வரச் சொல்லிக்கீறேன்."

கணவனின் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்த தாட்சாயணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"டாக்டரம்மா, கட்டு அவுக்குற வரைக்கும் கைய அசைக்காதய்யா, அசைக்கணும்னு நெனைக்கக்கூட நெனைக்காதன்னு தினமும் இவுரு காதுல சொல்லிக்கினே கீறேன். புத்தூர்ல அப்பிடித்தான் சொல்லி அனுப்புனாங்க."

"உன் பேச்ச அண்ணன் என்னிக்கு அண்ணி கேட்டாரு?"

அவள் கணவனின் காதருகே குனிந்தாள்.

"யோவ், கட்டு அவுத்தாச்சுய்யா. பயப்படாத. கைய மூடு."

அலை தாழ்ந்தது.

"வுட்டுடு."

அலை எழுந்தது.

"இன்னொருவாட்டி மூடுய்யா."

தாழ்ந்தது. யாமினியின் விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றன.

தாட்சாயணிக்கு மகிழ்ச்சி வரவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். குழாயை எடுப்பதைப் பற்றிப் பேசியதைக் கேட்டான். கொள்ளி வைப்பவன் யாரென்பதையும் சற்றுமுன் கேட்டான். கேட்டும், அவள் சொல்லை மீறாமல் கிடந்தான்.

"வண்டிய அனுப்பிடு ஜெயா" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

வெறும் வண்டி மருத்துவமனை வாசலைத் தாண்டியபோது மணி முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு.