ஒன்பதரை மணித் துகள்

இருபத்தெட்டு வருஷமாகத் துகள்களைக் கண்டறியும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தாள் அந்த இயற்பியல்காரி. வலை பின்னுவது இவள், மீன் பிடித்துப் பேர் வாங்குவது ஊரார். அவர்கள் கட்டுரையின் கடைசியில் இவளுக்கு ஒரு நன்றி விழும், பொடி எழுத்தில். தையற்கடை வைத்திருக்கும் கணவர்கூட, "கல்யாணத்துல மாப்பிள்ளையத்தான் பாப்பாங்க, சட்டை தச்சவனையா பாப்பாங்க?" என்று சீண்டுவார். அவளுக்குச் சுருக்கென்று குத்தும்.

இந்தத் தடவை மீனும் தனக்கே வேண்டும் என்றிருந்தாள். வானத்திலிருந்து சதா பொழியும் கதிர்களை நிமிஷத்துக்கு ஐம்பது என்று சமர்த்தாக எண்ணிவந்த புதுக் கருவி, தினமும் காலை ஒன்பதரைக்கு நாலாயிரத்துக்கு எகிறியது. பத்து மணிக்கு அடங்கியது. மூன்று வாரமாக இதே கூத்து. மழை பெய்த இரண்டு நாள் மட்டும் எகிறவில்லை. புதுத் துகளுக்கு மழை ஆகாது போலும் என்று அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள்.

மின்சாரத்தைச் சோதித்தாள், கம்பிகளை மாற்றினாள். கருவியைச் சுற்றிய கறுப்பு உறையை மட்டும் தொடவில்லை. பொட்டு வெளிச்சம் புகுந்தாலும் கருவி உளறும் என்று, மாணவர்கள் ஒட்டியதைப் பத்துத் தடவை பிரிக்க வைத்தவள் அவள். இது அவளே கைப்பட ஒட்டியது ஆயிற்றே! சந்தேகப்பட மனசு வருமா?

கட்டுரையை அன்று பத்து மணிக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அன்று பார்த்து, அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு கணவர் வந்தார். அவர் ஜன்னலோரம் நின்றதும் எண்ணிக்கை நாலாயிரத்திலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது. கண்ணாடியை நீட்ட நகர்ந்தார். மறுபடி நாலாயிரம்.

தையல்காரர் கண் சும்மா இருக்குமா? கறுப்பு உறையில் வெயில் விழும் மூலையில் குனிந்து விரலை வைத்தார்.

"இங்க ஓரம் பிரிஞ்சிருக்கு பாரு."

இத்தனை வருஷத்தில் தனக்கென்று கிடைத்த ஒரே துகள், வெறும் காலை வெயில். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவர் சீண்டவில்லை. அது இன்னும் அழவைத்தது. பிறகு மூக்கைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டுரையை அழித்தாள்.

"ஏங்க, பத்து மணி வரைக்கும் ஜன்னல்கிட்டயே நில்லுங்க. நகரக் கூடாது."

கடை திறக்கணுமே என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். ஐம்பது, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது. அவள் பதிவேட்டில் பொடியாக எழுதினாள்: "பிழை: என்னுடையது. வெயிலை மறைத்தது: கணவர்."

அவர் நகராமலே எட்டிப் பார்த்தார்.

"என்னையும் பொடி எழுத்துல போட்டுட்டியே."

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, அதையே பக்கம் கொள்ளாமல் பெரிதாக எழுதினாள்.