தையல்நாயகி நடந்த வரப்பு

1973 பங்குனியில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் தையல்நாயகியின் காலடி பட்ட இடத்திலெல்லாம் மூக்குத்திப் பூண்டு முளைத்தது. காலையில் ஊரிலிருந்து நடந்து வந்த காலோடு அவள் வரப்பில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் சாண் உயரம் வளர்ந்து, மஞ்சள் நடுவும் வெள்ளை ஓரமுமாகப் பூத்துவிடும். பொழுது சாய்ந்தால் வாடிவிடும். உப்பு வரப்பில் புல்கூட முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டுமே, நின்று ஆச்சரியப்பட யாருக்கு நேரம்?

வெட்டுக்காயத்துக்கு அந்த இலையைக் கசக்கிப் பிழிவது கிளியனூர் வரைக்கும் வழக்கம்தான். ஆனால் வேலியோரத்துச் செடியின் சாறு உப்புத் தண்ணீரில் கால் வைத்ததுமே கழுவிக்கொண்டு போய்விடும். இந்தச் செடியின் சாறு நாள் முழுக்க நின்றது. எட்டு வருஷமாக எரிந்த குதிகால் வெடிப்பு அன்று எரியவில்லை என்று அவளோடு உப்பு வாரும் சூசைமேரி சொன்னாள். மறுநாள் நாற்பது பேர் இலை பறிக்க நின்றார்கள். உப்பள முதலாளி சக்கரபாணி நாலு செடியை வேரோடு பிடுங்கிப் போய்த் தன் தோட்டத்தில் நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். அவை அன்று மாலையே செத்தன.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தையல்நாயகி சற்று உட்கார்ந்து எழுந்து நடந்தால் ஒன்றும் முளைக்காது. களைத்த கால்தான் வேண்டும். இது தெரிந்த பிறகு அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, அவரவர் காலில் அவரவர் எரிச்சல். "இன்னும் ஒரு நடை போய்ட்டு வந்துடு தையலு" என்பார்கள். போய் வருவாள். அவள் காலுக்கு மட்டும் அந்தச் சாறு பிடிக்கவில்லை. இப்படியே ஐந்து வருஷம் போனது.

1978 ஆடியில் ஒரு வியாழக்கிழமை அவள் வரப்பின் நடுவில் நின்று, "அக்கா, ஒரு நாளு ஒக்காந்துக்கட்டுமா?" என்று சூசைமேரியிடம் அனுமதி கேட்டாள். சூசைமேரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"ஒக்காரு. வியாழக்கெழமைல இனிமே எங்களுக்கு எலையே வேணாம்."

நாற்பது பேரும் சாறில்லாத காலோடு பாத்தியில் இறங்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் சிலருக்கு ரத்தம் வந்தது. அதன் பிறகு அந்த உப்பளத்தில் வாரத்துக்கு ஆறு நாள் பூண்டு முளைக்கும், வியாழக்கிழமை கால் எரியும். எரிந்தாலும் அன்று யாரும் கூடை இருந்த பக்கம் திரும்ப மாட்டார்கள். பார்த்தால் அவள் எழுந்துவிடுவாள்.