வருடம் முழுவதும் கொட்டும் அருவி

எங்கள் சுற்றுலா அலுவலகத்தில் பொய் எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் டிக்கெட் போடுகிறார்கள், அறை பிடிக்கிறார்கள். நான் கையேடு எழுதுகிறேன். பனிமலை, பவளத்தீவு, எரிமலை, ஏரி என்று உலகம் முழுக்க நாற்பத்திரண்டு இடங்கள். ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. என் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும்.

சேர்ந்த புதிதில் யோக்கியமாகத்தான் எழுதினேன். ‘இந்த அருவியில் கோடையில் தண்ணீர் இருக்காது’ என்று ஒரு வரி. மேனேஜர் அதைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிட்டார்.

“சரக்கு இல்லைன்னு எந்தக் கடைக்காரனாவது போர்டு மாட்டுவானா? போட்டோவுல தண்ணி கொட்டுதுல்ல?”

“அது மழைக்காலத்துல எடுத்த போட்டோ சார்.”

“அதை போட்டோ சொல்லுதா?”

என் தலையெழுத்து என்று, ‘வருடம் முழுவதும் கொட்டும் அருவி’ என எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஆறு வருடமாகப் பழைய கையேட்டுக்கு அட்டை மாற்றுவதோடு சரி. அருவி என்ன எழுந்து வந்து சண்டையா போடப்போகிறது?

என் அக்கா ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பதினோரு வருடத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுத்தவளில்லை. கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் ஒரு வாரம் வாங்கினாள். எங்கே போகிறாய் என்று நானும் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்டி, அப்போ தெரிஞ்சுக்கோ” என்று சிரித்தாள். டிக்கெட்கூட எங்கள் அலுவலகத்தில் போடவில்லை. அவ்வளவு அழுத்தம்.

லீவின் மூன்றாம் நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். திரை முழுக்கக் கறுப்புப் பாறை. நடுவில் குழாய் ஒழுகின மாதிரி ஒரு ஈரக்கோடு. கீழே குட்டையோரம் ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னக்கா இது, கல்குவாரியா?”

“அருவி.”

பாறையின் உச்சி இரண்டாகப் பிளந்திருந்தது. என் கையேட்டில் பதினேழாம் பக்கத்துப் போட்டோவில் இருக்கும் அதே பிளவு.

“எட்டு மணி நேரம் பஸ்ல வந்து, ரெண்டு மணி நேரம் நடந்தேன். இங்க காவலுக்கு இருக்கிறவர், நாலு மாசம் கழிச்சு வாங்கம்மாங்கிறார். நாலு மாசம் கழிச்சு எனக்கு யாருடி லீவு குடுப்பா?”

அவள் குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; எனக்கோ ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல், அந்தப் போட்டோ எடுத்தவன் மேல், எல்லாரையும்விட இவள் மேல்.

“உனக்கு அறிவிருக்கா? ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் எங்க போகலாம், எப்போ போகலாம்னு எங்கிட்ட வந்து கேட்கிறாங்க. கூடப் பிறந்தவ நீ. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?”

நான் போட்ட சத்தத்தில் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“வேற யாராவது எழுதியிருந்தா உன்னைக் கேட்டிருப்பேன்டி,” என்றாள்.