ஐந்தாம் கூண்டு எலிகள்

ஒன்பது நொடி.

இர்பானா ஸ்டாப் வாட்ச்சை இன்னொரு முறை பார்த்தாள். ஒன்பதேதான். வாலில் மஞ்சள் சாயம் பூசிய அந்த வெள்ளை எலி மேடைமேல் ஏறி நின்று, நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

எலியின் ஞாபகத்தைச் சோதிப்பது இப்படித்தான். வட்டமான பெரிய தொட்டி. தண்ணீரில் பால் பவுடரைக் கலந்துவிட்டால், அடியில் மூழ்கியிருக்கும் சின்ன மேடை கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் நீந்தித் தவித்து அதைக் கண்டுபிடிக்கிற எலி, ஐந்தாம் நாள் நேராக அங்கே போகும். ஞாபகம் இருந்தால். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் கூண்டு எலிகள் அப்படிச் சுற்ற வேண்டியவை. ஆறு வாரம் தினமும் அலுமினியம் குளோரைடு புகட்டி அவற்றின் மூளையைக் கெடுத்தவள் அவளே. மனிதருக்கு வரும் அல்சைமர் நோயை எலிக்கு வரவழைக்கும் வழி அது. கூடவே மருந்தும் கொடுத்தாள். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பு வேலிகளில் படரும் ஒரு கொடியின் சாறு. காப்புரிமை வாங்கும்வரை கொடியின் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவளுடைய கைடு ஜெயசித்ரா மேடத்தின் உத்தரவு. நோட்டில் அதற்கு 'ஜே-7' என்றுதான் பெயர்.

மருந்து கொடுக்காமல் அலுமினியம் மட்டும் புகட்டிய கூண்டு எலிகள் எழுபது நொடிக்குக் குறையவில்லை. ஜே-7 குடித்த ஆறில் நான்கு எலிகள் பன்னிரண்டு நொடிக்குள் மேடையில் ஏறிவிட்டன. இரண்டு மட்டும் மந்தம். ஆறில் இரண்டு அப்படித்தான் இருக்கும் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

"பாஸா பாப்பா?" என்றார் கருப்பண்ணன்.

பெரம்பலூருக்கு வெளியே ஹைவேயை ஒட்டி இருந்த அந்த பார்மசி காலேஜின் எலிக்கூடத்தில் அவருக்குப் பதினோரு வருட சர்வீஸ். தொட்டியிலிருந்து எடுத்த எலியைத் துண்டில் சுற்றி, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோலத் துவட்டுவார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ணே."

"அப்ப உங்க அத்தாவயும் கூட்டியாந்து தொட்டியில எறக்கிட வேண்டியதுதான்."

இர்பானா சிரித்தாள். காலேஜில் அத்தாவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அத்தா அப்துல் லத்தீப்புக்கு அறுபத்து நாலு வயது. இருபத்தாறு வருடம் துபாயில் கடை பார்த்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியவர். திரும்பிய இரண்டாம் வருடமே மறதி ஆரம்பித்தது. இப்போது தினமும் சாயங்கால அசர் பாங்கு சொன்னதும் பீரோவைத் திறந்து சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குவார். பிளைட்டுக்கு நேரமாகிவிட்டது, திருச்சிக்குக் கார் வந்ததா என்று கேட்பார். அம்மா ஹஃபீசா மஃரிப் தொழுகைக்குப் பிறகு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பீரோவில் வைப்பாள்.

மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமை மதியம் பையோடு வந்து நிற்கிறவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்திருப்பார். "வாங்க டீச்சர்" என்பார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார். ஒன்பது நொடிக் கதையை அவள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. எலி குடிக்கிறதை இவருக்கும் கொடுத்தால் என்ன என்று ஹஃபீசா உடனே கேட்டுவிட்டாள். எலிக்கு அடுத்து வேறு மிருகம், அப்புறம் நோயில்லாத ஆட்கள், அதற்கப்புறம்தான் நோயாளி, எப்படியும் பத்து வருடமாகும் என்று இர்பானா பொறுமையாக விளக்கினாள்.

ஹஃபீசா முற்றத்தைப் பார்த்தாள். அங்கே அத்தா சட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருசம் யாருக்கும்மா வேணும்? என்னைய யாருன்னு இன்னும் ஒரு பத்து நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா போதும்."

அதை இர்பானா மறுநாள் முழுக்க யோசித்தாள். தப்பு என்று தெரிந்தே யோசித்தாள். திங்கட்கிழமை காலேஜில், எடைக்கு எடை கணக்குப் போட்டு, எலியின் அளவை மனிதனின் அளவாக மாற்றினாள். அடுத்த சனிக்கிழமை அவள் கைப்பையில் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருந்தது. காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி, தேனில் குழைத்து.

பதினாறாம் நாள் காலையில், வாசலில் நின்றிருந்த அத்தா திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"இர்பானா, செருப்ப எடுத்து உள்ள வையி. மழ வருது."

வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழையாவது ஒன்றாவது! ஆனால் பெயர் சரி. ஹஃபீசா அந்த இடத்திலேயே துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அல்லாவுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் தொழப் போனாள். இர்பானா செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அத்தா மறுபடி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்காததுபோல இருந்தார்கள்.

ஐந்தாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மெயில் வந்தது.

நீச்சல் சோதனை முடிந்ததும் எலிகளைக் கொன்று, மூளையையும் ஈரலையும் திருச்சியில் ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தாள். அதன் ரிப்போர்ட். ஐந்தாம் கூண்டு, ஆறு எலிகள். இரண்டு எலிகளின் மூளை கெட்ட மூளை. மருந்து எதையும் சரிசெய்யவில்லை. அதே இரண்டின் ஈரல் பாதிக்குமேல் செத்துப்போயிருந்தது. மற்ற நான்கின் மூளையும் ஈரலும் துளி மாசு இல்லாமல் சுத்தம். அலுமினியத்தின் தடயமே இல்லை.

கீழே லேப் டாக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இந்த நான்கும் எதுவும் கொடுக்கப்படாத எலிகள். கூண்டு மாறிவிட்டதா?'

இர்பானா எண்களைச் சரிபார்த்தாள். சுத்தமான நான்கு, வேகமாக நீந்திய நான்கு. ஈரல் செத்த இரண்டு, மந்தமான இரண்டு.

மாடிப்படியில் அவள் ஓடவில்லை. ஓடினால் நிஜமாகிவிடும் என்பதுபோல ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கருப்பண்ணன் எலிகளின் தண்ணீர் பாட்டில்களைப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அஞ்சாம் கூண்டுல எலி செத்துச்சா?"

பிரஷ் நின்றது.

"நாலு" என்றார், நிமிராமல்.

அப்புறம் அவராகவே சொன்னார். மருந்து புகட்டி முடிகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவள் ஊருக்குப் போயிருந்தாள். அன்றைய டோஸை அவர்தான் கொடுத்தார். பகலில் கரண்ட் போய் ஏசி நின்றது. சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு எலி விறைத்துக் கிடந்தன. கோடையில் இது புதிதில்லை. எந்த ஸ்டூடண்ட்டின் எலி செத்தாலும் அவர் செய்வதைத்தான் இதற்கும் செய்தார். ஸ்டாக் கூண்டிலிருந்து அதே எடைக்கு எலி பிடித்து, அதே இடத்தில் மஞ்சள் சாயம் பூசி உள்ளே விட்டார். ஆள் மாற்றுவது என்று அதற்குப் பெயர். பதினோரு வருடமாக மாற்றுகிறார். முதல் வருடம் சுவாதி என்று ஒரு பெண், எலி செத்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள். கமிட்டி மூன்று வருட வேலையைத் தள்ளிவிட்டது. அவள் இதே சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழுத அழுகையை இன்னொரு தடவை பார்க்க அவரால் முடியாது.

"நீங்க அங்க அத்தா பக்கத்துல இருக்கீங்க. அந்த நேரத்துல போன் போட்டு எலி செத்துருச்சுன்னு எப்படிப் பாப்பா சொல்றது?"

இர்பானா அவரைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதே ரூம். அதே வெயில். மத்த கூண்டுல எத்தன செத்துச்சு?"

பதினோரு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கருப்பண்ணன் யோசித்தார். விரலை மடக்கப் போனவர் மடக்காமலே நிறுத்தினார்.

"மத்ததுல ஒண்ணும் சாவல."

பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப வெயிலு இல்லியா?" என்றார். அப்புறம், அவளுக்கு ஆறுதல் சொல்கிற குரலில், "போவுது விடுங்க. எலிக்குத்தான குடுத்தீங்க."

அவள் போனை எடுத்து வீட்டு நம்பரைத் தேடுவதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன் மூன்றாம் மணியில் எடுக்கப்பட்டது. மருந்தை நிறுத்தச் சொல்ல இர்பானா வாயைத் திறப்பதற்குள் ஹஃபீசா பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தா நாலு நாளாகச் சோர்ந்து சோர்ந்து படுக்கிறாராம். பெட்டிகூட அடுக்குவதில்லையாம்.

"அதான் ரெண்டு ரெண்டு மூடியாக் குடுக்குறேன். தீரப் போவுது, வரும்போது இன்னொரு பாட்டில் கொண்டாந்துரு."

"அம்மா, அத்தா கண்ணு என்ன கலர்ல இருக்கு?"

"மஞ்சளாத்தான் இருக்கு. சூட்டுல அப்படி இருக்கும். ஏம்மா?"

ஈரல் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி அரியலூரில். மருந்தை நிறுத்தி, மிச்ச பாட்டிலோடு அத்தாவை அங்கே காரில் கூட்டிவரச் சொல்லிவிட்டு இர்பானா பஸ் ஏறினாள். குன்னம் தாண்டியதும் பஸ் ஒரு சிமென்ட் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் காய்ந்த காடு. நாலு எலிகள் எத்தனை நாளில் செத்தன என்று கணக்குப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. அத்தாவுக்கு இன்று முப்பத்து நாலு. இரட்டை அளவை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் கணக்கை விட்டாள்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நாட்டு மருந்து, பச்சிலை, ஏதாவது கொடுத்தீர்களா?

"இல்லிங்க டாக்டர்" என்றாள் ஹஃபீசா, முந்திக்கொண்டு. "எதுவும் குடுக்கல."

சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். மகளின் படிப்பைக் காப்பாற்றுகிறாளாம். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சி போகும், பட்டம் போகும், போலீஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்?

இர்பானா கையை விடுவித்துக்கொண்டாள். பாட்டிலை அம்மாவின் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"குடுத்தோம் சார். நான்தான் செஞ்சது. காலேஜ்ல எலிக்குக் குடுத்துச் சோதிக்கிற மருந்து."

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் 'ஜே-7' என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

"இத குடிச்ச எலிங்க என்னாச்சு?"

"நாலு தானா செத்துச்சு. ரெண்ட நாங்க கொன்னோம்."

இதற்கு மாற்று மருந்து கிடையாது என்றார் அவர். இந்த வயதில், இந்த மூளையோடு, மாற்று ஈரலுக்கு யாரும் பெயர் எழுத மாட்டார்கள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. ஹஃபீசா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் வலது கையை மட்டும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூடியைப் பிடித்த கையை.

கட்டிலில் அத்தா விழித்திருந்தார். கண்கள் எலி வாலில் பூசும் சாயத்தின் நிறம்.

"வாங்க டீச்சர்" என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

இர்பானா குனிந்து, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். எலி, தொட்டி, பாட்டில், தேன். ஒன்றையும் விடாமல். அவர் விருந்தாளி பேசுவதைக் கேட்பதுபோல அமைதியாகக் கேட்டார். அவள் அழுததும் அவருக்குப் பாவமாகிவிட்டது.

"நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க? எம் மவ இர்பானா பெரம்பலூர்ல இதுக்குத்தான் மருந்து கண்டுபிடிக்கிறா. அவ வந்துருவா. வந்தா எல்லாம் சரியாயிடும்."

சொல்லிவிட்டு அறை வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து இர்பானா எழுந்தாள். வராந்தாவுக்குப் போனாள். முகத்தைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அப்போதுதான் ஊரிலிருந்து வருகிறவள்போல வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றார் அத்தா.